655 சதுர அடிக் கணக்கு: சிங்கப்பூரில் எம்எம்ஏ குத்துச்சண்டையை முந்தியது எப்படி?

போட்டி அளவில் ஒரு குத்துச்சண்டை ரிங் போட வேண்டுமென்றால் மேடைக்கு மட்டும் பக்கத்துக்கு 7.8 மீட்டர் இடம் வேண்டும். கயிற்றுக்குள் 6.1 மீட்டர், மீதியெல்லாம் வெளி ஓரம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 61 சதுர மீட்டர். வாடகை பேசும் கணக்கில் 655 சதுர அடி. அவ்வளவு இடத்தில் ஒரு நேரத்தில் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி, செய்யக்கூடியவர்கள் இரண்டே பேர். அதே இடத்தில் 4 சென்டிமீட்டர் தடிமனில், இரண்டுக்கு ஒன்று மீட்டர் அளவுள்ள ஜூடோ பாய்கள் முப்பதை விரித்தால் பத்து ஜோடி கட்டிப் புரளலாம். இரண்டு பேர் எங்கே, இருபது பேர் எங்கே!

சிங்கப்பூரில் குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலை, அதாவது எம்எம்ஏ, குத்துச்சண்டையை முந்தியதற்குத் தொலைக்காட்சி, கூண்டு, ரத்தம், சமூக ஊடகம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதல் காரணம் பயிற்சிக்கூடத்துத் தரையில் இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் முடிவு. அரங்கத்துக் கூட்டம் அதற்குப் பிறகு வந்தது.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள், பயில்கிறவர்கள், போட்டியில் இறங்குகிறவர்கள் என்று மூன்று கூட்டம் உண்டு. மூன்றையும் ஒரே தராசில் போடுவதால்தான் காப்பிக்கடை வாக்குவாதங்கள் முடிவதே இல்லை.

முன்பு இருந்த நிலை

குத்துச்சண்டை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஹேப்பி வேர்ல்ட், நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காக்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து குத்துச்சண்டை பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. கிங்காங், தாராசிங் மல்யுத்தத்துக்குத் திரண்டதும் அதே தலைமுறைதான். ஒரு வாரம் குத்து, மறுவாரம் பிடி. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் காட்டலாம் என்று அன்றைய ஏற்பாட்டாளர்களுக்குத் தோன்றாமல் போனது ஒரு வேடிக்கை.

அமெச்சூர் பக்கத்தில் தனித்து நிற்கும் பெயர் சையத் அப்துல் காதிர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ரிங்கில் ஏறியவர், 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம் வென்றவர். அவருக்குப் பிறகு ஒலிம்பிக் ரிங்கில் ஏறிய சிங்கப்பூரர் இல்லை. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஃபேரர் பார்க்கில், குத்துச்சண்டைக்கென்றே ஒரு கூடம் இருந்தது. ஆனால் அங்கிருந்து மேலே போகும் ஏணிக்குப் படிகள் குறைவு. பள்ளிப் போட்டி, தேசியப் போட்டி, தென்கிழக்காசிய விளையாட்டுகள்; அதற்கு மேல் எட்டுவது அரிது.

அந்த ஏணியின் உச்சியும் பிற்பாடு ஆட்டம் கண்டது. அனைத்துலகக் குத்துச்சண்டைச் சங்கத்தை ஒலிம்பிக் குழு 2019ல் இடைநீக்கம் செய்தது; 2023ல் அங்கீகாரத்தையே மீட்டுக்கொண்டது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலில் குத்துச்சண்டை உறுதியானது 2025 மார்ச்சில்தான். "இதைப் படிச்சா கடைசியில எங்க போய் நிக்கும்?" என்று கேட்கும் பெற்றோருக்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பயிற்றுநரால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. தொழில்முறைப் பக்கத்தில் முகமது ரிட்வான் 2018ல் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில் ஐபிஓ என்ற குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்துக்காக நமீபியாவின் பாலஸ் அம்புண்டாவுடன் மோதி, புள்ளிக் கணக்கில் தோற்றார். ஒரே ஆளை நம்பி நின்ற அலை, அந்த ஆள் தோற்றதும் தணிந்தது.

பாய் விரிந்த பிறகு

2008ல் சத்ரி சித்யோத்தோங் இவால்வ் என்ற எம்எம்ஏ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 2011 செப்டம்பர் 3ஆம் தேதி, அவர் இணைந்து தொடங்கிய எம்எம்ஏ போட்டி நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டி காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் நடந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கூடம், மூன்று ஆண்டு கழித்து அரங்கம்.

அந்தக் கூடம் அமைந்ததோ ஃபார் ஈஸ்ட் ஸ்குவேரில், அலுவலகங்களுக்கு நடுவே. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வகுப்பு, மாலை வேலை முடிந்து வருவோருக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சில வகுப்புகள். இந்த வகைக் கூடங்கள் பிடித்த வாடிக்கையாளர் யாரென்றால், பட்டம் வெல்ல நினைக்கும் பதினேழு வயதுப் பையன் அல்ல. தேசிய சேவை முடித்து, கணினி முன் உட்கார்ந்து, தொப்பை விழ ஆரம்பித்த முப்பது வயதுக்காரர். மாதச் சந்தா கட்டக்கூடியவர். மறுநாள் காலைக் கூட்டத்துக்குக் கண் வீங்காமல் போக வேண்டியவர்.

குத்துச்சண்டையின் சிக்கல் அங்கேதான். அதை உண்மையாகக் கற்க வேண்டுமானால், எதிரில் நிற்பவர் உண்மையாகவே தலையைக் குறிவைக்க வேண்டும். 16 அவுன்ஸ் கையுறையும் தலைக்கவசமும் வெட்டுக் காயத்தைக் குறைக்கும், கை எலும்பைக் காக்கும். குத்து விழும்போது மண்டைக்குள் மூளை சுழன்று குலுங்குவதைத் தடுக்காது. ஆகவே பொறுப்பான பயிற்றுநர் புதியவரை முதல் மூன்று நான்கு மாதம் ஸ்பாரிங்கில் இறக்கமாட்டார். அதுவரை கயிறு தாண்டுதல், நிழல்குத்து, தொங்கும் மூட்டையை (பேக்) அடிப்பது, பயிற்றுநர் கையில் பிடிக்கும் மெத்தையை (பேட்) அடிப்பது. பலருக்கு அந்த 'அதுவரை' முடிவதே இல்லை. வியர்வை கொட்டுகிறது, உடம்பு இளைக்கிறது, ஆனால் சண்டை தெரிந்ததா என்று அவர்களுக்கே தெரியாது.

தரையில் கட்டிப்பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு பாயில் கதை வேறு. இரண்டாம் வாரமே ஒருவர் முழு பலத்தோடு எதிர்ப்பவரைக் கட்டிப்பிடிக்கலாம், கழுத்தை இறுக்கலாம், இறுக்கப்படலாம். தாங்கவில்லையா, இரண்டு தட்டு. பிடி விட்டுவிடும், திரும்பவும் தொடங்கலாம். ஐந்து நிமிடச் சுற்றில் மூன்று முறை தோற்ற ஆள்கூட மறுநாள் தெளிந்த தலையோடு வேலைக்குப் போகலாம். எம்எம்ஏ சந்தாவில் இந்தத் தரைப் பயிற்சியும், பேட் அடிக்கும் தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாயும், கூடவே குத்துச்சண்டை வகுப்பும் ஒரே அட்டவணையில் வருகின்றன. தனிக் குத்துச்சண்டைக் கூடம் ஒன்றை விற்கிறது. பக்கத்துக் கடை அதையும் சேர்த்து மூன்று விற்கிறது. வெறும் சந்தா எண்ணிக்கை மட்டுமே என்றால் குத்துச்சண்டைக்கு இன்னும் ஆள் இருக்கிறது. உடற்பயிற்சியாகக் குத்துவோர் தீவெங்கும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் யாரையும் குத்தியதில்லை.

எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பாயின் விலை தோல். நம் ஊர் ஈரப்பதத்தில் பாய்களின் இணைப்பு இடுக்கில் வியர்வை தேங்கினால் படர்தாமரை ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கச் சுற்றும். அதைவிட மோசமானது ஸ்டாஃப் கிருமிக் கொப்புளம். பெரும்பாலும் தவறு நடப்பது துடைப்பதில். கிருமிநாசினியைத் தெளித்த கையோடு உலர்த்திவிடுகிறார்கள். போத்தலில் எழுதியிருக்கும் நிமிடக்கணக்குக்குப் பாய் ஈரமாகவே கிடந்தால்தான் மருந்து வேலை செய்யும். காலையில் ஒரு முறை துடைத்துவிட்டு இரவு வரை ஓட்டும் கூடத்தில் அது நடக்காது. வகுப்புக்கு வகுப்பு துடைக்க வேண்டும், கழிவறைக்குப் போன வெறுங்கால் பாயில் ஏறக்கூடாது. படர்தாமரை வந்தவரை எத்தனை நாள் வெளியே நிறுத்துவது என்பதற்கு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த விதி நல்ல அளவுகோல்: தோலில் வந்தால் குறைந்தது 72 மணி நேரம் மருந்து பூசிய பிறகே அனுமதி. சந்தா கட்டிய வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லத் தயங்கும் கூடத்தில் மறு மாதம் பாதிப் பேர் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

அரங்கத்துப் பக்கம்

பார்வையாளர் விஷயத்தில் எம்எம்ஏவுக்குக் கைகொடுத்தது எளிமை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் நான்கு பெரிய அமைப்புகள், பதினேழு எடைப்பிரிவுகள், பிரிவுக்கு நான்கு உலக சாம்பியன்கள் வரை. யார் உண்மையான சாம்பியன் என்று விளக்குவதற்குள் புதிய ரசிகர் எழுந்து போய்விடுவார். முதலிடக்காரர் இரண்டாம் இடக்காரரோடு மோத வேண்டுமென்றால் இரண்டு ஏற்பாட்டாளர்களும் இரண்டு ஒளிபரப்பாளர்களும் ஒத்துப்போக வேண்டும். மேவெதரும் பாக்கியாவும் மோதும் ஆட்டத்துக்கு உலகம் 2015 மே வரை காத்திருந்ததே, அப்போது இருவருமே உச்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

எம்எம்ஏவில் ஒரே நிறுவனம் ஆட்களை ஒப்பந்தத்தில் வைத்து, பட்டத்தையும் தானே வைத்து, யார் யாரோடு என்று தானே முடிவு செய்கிறது. வீரருக்கு இது பேரம் பேசும் பலத்தைப் பறிக்கிறது. அமெரிக்க எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சி மீது வீரர்கள் தொடுத்த வழக்கு 37.5 கோடி அமெரிக்க டாலர் சமரசத்தில் முடிந்ததற்குப் பின்னணி அதுதான். ரசிகருக்கோ அது வசதி.

யுஎஃப்சி 2014 ஜனவரியில் மரினா பே சேண்ட்ஸில் முதன்முறை இங்கே வந்தது. பிறகு காலாங்கில் 2017, 2018, 2019. 2022 ஜூனில் யுஎஃப்சி 275, தென்கிழக்காசியாவில் அந்த நிறுவனத்தின் முதல் எண்ணிட்ட பெரிய நிகழ்ச்சி. அதன் பட்ட ஆட்டத்தில், ஐந்தாம் சுற்று முடிய அரை நிமிடமே இருக்கையில் புரோஹாஸ்கா பின்னிருந்து கழுத்தை இறுக்கி, சாம்பியன் டெய்ஷேராவைத் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட வைத்தார். இதற்கிடையே 2016 மே மாதம் அதே அரங்கில் பத்தொன்பது வயது ஏஞ்சலா லீ ஒன் சாம்பியன்ஷிப் பட்டம் வென்றார். சிங்கப்பூர்க் கொடியோடு ஒருவர் உலகப் பட்டம் தூக்கும் காட்சிக்குக் குத்துச்சண்டை ரசிகர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள்!

குத்துச்சண்டைக்காரர் கூண்டில் ஏறினால்

ஒப்பீட்டுக்கு மிகச் சரியான ஆட்டம் ஒன்று காலாங்கிலேயே நடந்தது. 2017 ஜூன் 17: ஹாலி ஹோம், பெத் கொரேயா. ஹோம் குத்துச்சண்டையில் பல எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். சிங்கப்பூருக்கு வரும்போது தொடர்ந்து மூன்று தோல்விகளோடு வந்தார். முதல் இரண்டு சுற்றும் மந்தம். மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் கொரேயா 'வா, வா' என்று சீண்டினார். வந்தது இடது கால். கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே. சுற்றில் 1 நிமிடம் 9 வினாடியில் ஆட்டம் முடிந்தது. கையால் பேர் வாங்கியவர் காலால் வென்றார் என்று ரசிக்கலாம். ஆனால் குத்துச்சண்டைக்கு முன்பே அவர் கிக்பாக்ஸிங் பழகியவர் என்பதை மறந்துவிட்டு, 'குத்துச்சண்டைக்காரர் எம்எம்ஏவில் ஜெயிக்கலாம்' என்று பாடம் எடுப்பது தவறு.

வெறும் குத்தோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த ஆட்டம் போதும். குத்துச்சண்டையில் மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனியின் காலை எம்எம்ஏ வீரர் ராண்டி கூட்டூர் தாழ்ந்து பிடித்துக் கீழே தள்ளினார். முதல் சுற்றிலேயே கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கும் கைமுக்கோணப் பூட்டு, தட்டு. டோனியின் குத்து ஒன்றுகூடப் பேசும்படி விழவில்லை.

ஏன் இப்படி? குத்துச்சண்டையில் நல்ல பழக்கமாக இருப்பவையே கூண்டில் பலவீனம் ஆகின்றன. முன்காலில் எடை போட்டு, பாதத்தை உள்நோக்கித் திருப்பி நிற்பது ஜாப்புக்கு, அதாவது முன்கையின் நேர்க்குத்துக்கு, நல்லது. அந்தக் கெண்டைக்காலில் நாலு உதை விழுந்தால் பாதம் மரத்து, நிற்பதே சிரமம். தலையை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் குத்தைத் தவிர்ப்பவர், அங்கே காத்திருக்கும் முழங்காலில் முகத்தைக் கொடுக்கிறார், இல்லையென்றால் கழுத்தை அக்குளில் கொடுக்கிறார். இரு கையையும் முகத்துக்கு முன் வைத்து மறைக்கும் தடுப்பு 10 அவுன்ஸ் கையுறைக்குச் சுவர் மாதிரி. 4 அவுன்ஸ் கையுறையில் இடைவெளியெல்லாம் கதவு. கயிற்றில் சாய்ந்து பின்னுக்கு வளையலாம், கூண்டுச் சுவர் வளையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குத்துச்சண்டைக்காரருக்குப் பிடித்த அந்த நடுத்தூரம் இருக்கிறதே, அங்கிருந்து இடுப்பைப் பிடிக்க ஓர் எட்டு போதும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். பலர் நேராகக் கால் உதையைக் கற்றுக்கொடுக்க ஆரம்பிப்பார்கள், அது வீண். முதலில் ஸ்ப்ரால்: காலைப் பிடிக்க வருபவர் மேல் இடுப்பைப் போட்டு இரு காலையும் பின்னுக்கு எறிவது, தினமும், அலுத்துப்போகும் வரை. அடுத்து கூண்டுச் சுவரில் முதுகு வைத்து எழுந்து நிற்பது. பிறகு உதையைத் தொடையால் அல்ல, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பால் தடுப்பது. இதற்கு நிற்கும் நிலையைக் கொஞ்சம் நேராக்க வேண்டும். கையைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் பாதிக் குத்துகளைக் கழிக்கத்தான். நீண்ட கலவைக் குத்துகள் போய், ஒன்றிரண்டு குத்திவிட்டுக் கோணம் மாறுவது மட்டும் மிஞ்சும்.

எதிர்த்திசையில், எம்எம்ஏ வீரர் குத்துச்சண்டை ரிங்கில் ஏறினாலும் இதே பாடம்தான். 2017 ஆகஸ்டில் மெக்ரெகர் மேவெதரிடம் பத்தாம் சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டுத் தோற்றார். 2023 அக்டோபரில் ஃபிரான்சிஸ் எங்கானு டைசன் ஃபியூரியைக் கீழே தள்ளி, இரண்டுக்கு ஒன்று என்ற புள்ளித் தீர்ப்பில் தோற்றபோது எல்லோரும் வியந்தார்கள். ஐந்தே மாதத்தில் ஆந்தனி ஜாஷுவா இரண்டாம் சுற்றில் அந்த வியப்பை முடித்துவைத்தார்.

வளர்ச்சியோடு வந்த இரண்டு மரணங்கள்

2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது சீன வீரர் யாங் ஜியன் பிங் இறந்தார். எடை குறைப்பு என்றால் கொழுப்பைக் குறைப்பதல்ல. கடைசி ஓரிரு நாளில் உப்பையும் தண்ணீரையும் நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியிலும் சூட்டறையிலும் உட்கார்ந்து உடம்பின் நீரை வடிப்பது. ரத்தம் கெட்டிப்படும், இதயம் அதைத் தள்ளத் திணறும், உடம்பு தன் சூட்டை இறக்க முடியாமல் போகும்.

அதன்பிறகு ஒன் சாம்பியன்ஷிப் செய்தது துணிச்சலான மாற்றம். எடை மட்டுமல்ல, சிறுநீரின் அடர்த்தியும் பார்க்கப்படுகிறது. தூய நீர் 1.000; வீரரின் அளவு 1.025ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடம்பில் நீர் போதவில்லை என்று பொருள். தண்ணீர் குடித்து இந்தச் சோதனையைச் சரிக்கட்டினால் எடை கூடும், எடையைச் சரிக்கட்ட நீரை வடித்தால் அடர்த்தி கூடும். இரண்டையும் ஒன்றாகத் தாண்ட ஒரே வழி, இயல்பான எடைக்கு அருகில் உள்ள பிரிவில் ஆடுவது. அதற்கேற்பப் பிரிவுகளையும் ஒரு படி மேலே நகர்த்தினார்கள். மற்ற எம்எம்ஏ அமைப்புகளில் 56.7 கிலோவாக உள்ள ஃபிளைவெயிட் பிரிவு, ஒன்னில் 61.2 கிலோ. குத்துச்சண்டை அமைப்புகளும் யுஎஃப்சியும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது மரணம் நமக்கு இன்னும் அருகில் நடந்தது. 2017 செப்டம்பரில் மரினா பே சேண்ட்ஸில் ஒரு சண்டை நிகழ்ச்சியில், பிரபலங்கள் மோதும் முவே தாய் ஆட்டத்துக்குக் கடைசி நேர மாற்றாக ஏறிய, உடற்கட்டுத் துறையில் பெயர்பெற்ற நம் சமூகத்தவர் ஒருவர், ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்து அன்றிரவே காலமானார். வயது 32. சண்டை விளையாட்டு கொண்டாட்டமாகிவிட்ட ஊரில் நடந்த துயரம் அது. கட்டான உடம்பு வேறு, குத்து வாங்கும் தயாரிப்பு வேறு என்பது வெளியாளுக்குத் தெரிவதில்லை. பெரிய தசைக்கு அதிக உயிர்வளி வேண்டும். பயமும் பதற்றமும் சேர்ந்தால் பழகாத ஆளின் இதயத்துடிப்பு முதல் நிமிடத்திலேயே உச்சிக்குப் போய்விடும். மாற்று ஆளை ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குத் தெரியாதவையல்ல: அண்மையில் எடுத்த இதய மின்பதிவும் ரத்த அழுத்தமும், கடந்த எட்டு வாரத்தில் எத்தனை சுற்று ஸ்பாரிங் என்ற கணக்கு, எதிராளியோடு அனுபவப் பொருத்தம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஆட்டத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட வேண்டும். விற்ற டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம்.

குத்துச்சண்டை விட்டுக்கொடுக்காத இடங்கள்

உச்சத்துப் பணம் இன்னும் குத்துச்சண்டையில்தான். மேவெதர்–பாக்கியாவ் ஆட்டத்தைக் கட்டணம் செலுத்திப் பார்க்க வாங்கியவை சுமார் 46 லட்சம். யுஎஃப்சியின் மிகப் பெரிய ஆட்டமான கபீப்–மெக்ரெகர் மோதலுக்கு, 2018ல், சுமார் 24 லட்சம். ஒலிம்பிக் வழியும் குத்துச்சண்டைக்கு மட்டுமே உண்டு. நாட்டுக்காகப் பதக்கம் என்பதே குறியென்றால், எம்எம்ஏவில் அதற்கு ஒலிம்பிக் வாசலே இல்லை.

தரைக் கணக்கிலும் குத்துச்சண்டைக் கூடங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. மேடை இல்லாமல் தரையோடு தரையாகக் கயிறு கட்டிய ரிங் போட்டால் வெளி ஓரம் மிச்சமாகிறது. உள்ளே 5 மீட்டர் வைத்தால் 61 சதுர மீட்டர் 25 ஆகிறது. மிஞ்சும் 36 சதுர மீட்டரில் எட்டு பத்து பேக் தொங்கவிடலாம். ஸ்பாரிங்கையும் படியாகப் பிரிக்கிறார்கள்: முதல் மாதம் தோள்தட்டு ஆட்டம், இரண்டாம் மாதம் ஜாப் மட்டும், மூன்றாம் மாதம் உடம்புக்கு மட்டும் குத்து, அதன்பிறகே தலை, அதுவும் வாரத்தில் ஒரு நாள். இப்படிச் செய்தால் அலுவலகக்காரருக்கும் எதிராளியோடு ஆடும் சுவை இரண்டாம் வாரமே கிடைக்கிறது.

கூடம் தேடுகிறவர்கள் சோதனை வகுப்புக்குப் போகும்போது பேட் அடிக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். புதியவரின் கைக்கட்டுத் துணியை யார் சரிபார்க்கிறார்கள் என்று பாருங்கள். 4.5 மீட்டர் துணியில் முதல் மூன்று சுற்று மணிக்கட்டுக்குப் போக வேண்டும்; விரல் முட்டியிலேயே எல்லாவற்றையும் சுற்றிவிட்டு பேக்கை அடித்தால் மணிக்கட்டு மடங்கும், சுண்டுவிரல் எலும்பு முறியும். பாய் உள்ள கூடமானால் மூலையில் ஒரு பாயின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கேள்வி: "எத்தனையாவது வாரம் ஸ்பாரிங், யாரோடு?" 'நாளைக்கே வாங்க' என்று பதில் வந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.